ஆடி வெள்ளத்தில் இறங்க மாட்டேன் என்றவன்

பரமத்தி வேலூர்,
பிரஜோற்பத்தி வருஷம் புரட்டாசி மாதம் 9

கண்டிச்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சிரஞ்சீவி சின்னுசாமிக்கு அப்பா பச்சமுத்து ஆசீர்வதித்து எழுதுவது. நீ உடம்பு சுகத்தோடு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. உன் தம்பி குழந்தைவேலுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இப்போது இல்லை. எழுதுங்க, எழுதுங்க என்று உன் அம்மா ஒன்றரை மாதமாகச் சொல்கிறாள், எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

ஆடி வெள்ளத்தில் மிதந்து வரும் மரத்தை நம் ஊரார் நீந்திப் போய்ப் பிடிப்பது உனக்குத் தெரியாததல்ல. பதினாறு வயதில் நீ ஒரு தேக்கைக் கரை சேர்த்தபோது உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போனோம். அந்த வயதில் எங்களுக்கும் அதுதான் பேச்சு, எவன் நடு ஆறு வரை போனான், எவன் பாதியில் திரும்பினான் என்று. இப்போதுள்ள பிள்ளைகள் அப்படி இல்லை. போன வருஷம் வள்ளியாத்தாள் மகன் வீரபாகு ஒரு மூங்கில் கட்டுக்காக இறங்கிப் பிணமாகத்தான் கிடைத்தான், பதினேழு வயது. அவனைத் தூக்கி வந்தது குழந்தைவேலும் அவன் வயசுச் சோட்டுப் பையன்கள் நாலு பேரும். அதற்குப் பிறகு வெள்ளம் வந்தால் கரையோடு சரி என்று அந்த ஐந்து பேரும் பேசி வைத்துக்கொண்டார்கள். ஊர் சிரித்தது, நானும் சிரித்தேன். ஏன்டா இப்படிப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டதற்கு உன் தம்பி, "பயமில்லீங்கப்பா, எதுக்குச் சாவோணும்னுதான் கேக்கறோம்" என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. உனக்கு எழுதினேன். தம்பியைக் கொடிக்காலுக்குள் வெற்றிலையோடு வெற்றிலையாக ஒளித்து வையுங்கள், ஆறு பிடித்துக்கொண்டு போய்விடும் என்று நீ பதில் எழுதினாய். அதைச் சந்தையில் பத்துப் பேர் முன்னால் சத்தமாக வாசித்தேன். அவனும் கூடையோடு அங்கேதான் நின்றான். எழுதியது நீ, வாசித்தது நான், இதில் ஒருவர் பாவத்தை ஒருவர் குறைத்துக்கொள்ள முடியாது.

ஆடிப் பதினெட்டு கழிந்து நாலாம் நாள் காலையில் ஒரு பெரிய மரம் வந்தது. கரை முழுக்க ஆட்கள். உன் தம்பியைப் பார்த்து இறங்குடா என்றேன். "இல்லீங்கப்பா" என்றான், அவ்வளவுதான். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியாமல் ஐம்பத்திரண்டு வயதில் நானே குதித்தேன். மரத்தைத் தொட்டேன், அதோடு கை கால் ஓய்ந்து தண்ணீர் என்னை இழுத்துக்கொண்டு போனது. சிரித்தவர்கள் எல்லாம் ஐயோ ஐயோ என்று கத்தினார்களே தவிர ஒருவரும் இறங்கவில்லை. உன் தம்பி கிணற்றில் நீர் இறைக்கும் கவலை வடத்தை ஒரு மருத மரத்தில் கட்டி, மறு நுனியை இடுப்பில் கட்டி, முடிச்சை அந்த நாலு பேரில் ஒருவனான சின்னானை விட்டு இழுத்துப் பார்க்கச் சொல்லி, பிறகுதான் இறங்கினானாம். என் குடுமியைப் பிடித்தான். பையன்கள் நாலு பேரும் வடத்தை இழுத்தார்கள். கரை எட்டும் நேரத்தில் வெள்ளத்தில் வந்த அந்த மரம் திரும்பி அவன் காலைப் பாறையோடு வைத்து நசுக்கியது. பஸ்ஸில் கிடத்திச் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், ஐந்தாம் நாள் காலை வெட்டி எடுத்தார்கள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது ஊரே வீட்டுக்கு வந்து ஆம்பளைச் சிங்கம் என்கிறது. முன்பு சிரித்த அதே வாய்கள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். உன் அம்மா எனக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை.

முந்தாநாள் சின்னான் ஓடி வந்து, பத்து வயதுப் பொடியன்கள் மூன்று பேர் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆற்றில் குதிக்கிறார்கள், கேட்டால் "நாங்க கொழந்தைவேலு அண்ணனாட்ட" என்கிறார்கள் என்றான். உன் தம்பி படுக்கையை விட்டு எழுந்து வண்டி பூட்டச் சொன்னான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவன் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. கரையில் இறக்கி உட்கார வைத்தேன். பையன்களைக் கிட்டே கூப்பிட்டு, வேட்டியை ஒதுக்கி, துணிக்கட்டை அவிழ்த்து, ஆறியும் ஆறாத அந்த இடத்தைக் காட்டி, "இதுதான்டா கொழந்தைவேலு அண்ணன், நல்லாப் பாத்துக்கோங்க" என்றான். ஒருவன் அழுதுவிட்டான். கயிறுகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றேன். வண்டியில் தூக்கி வைக்கும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அந்தப் பசங்க என்னையக் கண்டு பயந்தாலும் பரவால்லீங்கப்பா" என்றான்.

தையில் லீவு கேட்டுப் பார். மழைக்காலம், மலைக்காய்ச்சலுக்குக் கொயினா மருந்தைத் தவறாமல் சாப்பிடு. உன் அம்மா உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் வேண்டிக்கொள்கிறாள். என் ஆசீர்வாதத்துக்கு ஏதாவது பலன் மிச்சம் இருந்தால் அதுவும் உனக்கே.

இப்படிக்கு,
உன் அப்பா,
பச்சமுத்து