நோர்பர்ட்டின் புல்வாரியும் என் எரு வண்டியும்

அன்பு மகள் மாரிட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் சுகம், என் வலது தோள்பட்டை மட்டும் சுகமில்லை, அது ஏன் என்று கீழே வரும். அங்கே அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் குளிர் வருவதற்குள் விறகெல்லாம் சேர்த்துக்கொண்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. அம்மா உரக்கப் படித்தாள், நான் காபியோடு உட்கார்ந்து கேட்டேன். இரண்டாவது வரியிலேயே பக்கத்துப் பண்ணை நோர்பர்ட் மாமாவின் புல்வாரி படத்தைப் பார்த்து அசந்துபோனதாக எழுதியிருக்கிறாய். அப்பா எப்படி இருக்கிறார் என்ற விசாரிப்பு கடைசியில், கையெழுத்துக்கு மேலே கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால் வந்ததுபோல வந்தது. பரவாயில்லை, நான் ஒன்றும் நினைக்கவில்லை. உங்கள் படகை ஏற்றி இழுக்கும் வண்டியின் சட்டம் துருப்பிடித்துவிட்டது, அதிகம் செலவில்லாமல் சரிசெய்வது எப்படி என்று நோர்பர்ட் மாமாவிடம் கேட்டு எழுதுங்கள் என்றும் சொல்லியிருக்கிறாய். ஆயுள் முழுக்கத் துருப்பிடித்த சாமான்களோடு குடித்தனம் நடத்தியவன் நான். என்னிடம் கேட்கவில்லை, என்னைத் தூது அனுப்புகிறாய்.

அந்தப் புல்வாரி யாருடையது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நம்முடையது. அறுத்த புல்லை வாரிக் குவிக்கும் அந்தப் பழைய இரும்பு வண்டி, மரத்தோப்பு ஓரத்தில் காஞ்சொறி மூடிக் கிடந்ததே, அதேதான். போன இலையுதிர்காலத்தில் நோர்பர்ட் வேலிப் பக்கம் வந்து, "ஓரின், இத நான் தூக்கிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டபோது, "தாராளமா எடுத்துக்கோ, திருப்பிக் கொண்டாராம இருந்தா போதும்" என்று சொல்லிச் சிரித்தவன் நான்தான். அந்த மனுஷனுக்குக் கல்யாணமா காட்சியா, குளிர்காலம் பூராவும் கொட்டகையில் அடுப்பை மூட்டிக்கொண்டு அதைச் சுரண்டியிருக்கிறான். வசந்தத்தில் வெளியே இழுத்து வந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். சக்கரத்துக் கம்பிகளில் மஞ்சள் கோடு போட வேண்டும், என் கை நடுங்குகிறது என்று உன் அம்மாவைக் கேட்டான். அவள் மரத்தட்டுகளில் பூ வரையும் அந்த மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, ஃபிளாஸ்க்கில் காபியும் ருபார்ப் கேக்கும் கட்டிக்கொண்டு மூன்று மத்தியானம் போய்வந்தாள். நான் வீட்டில் ஆறிப்போன உருளைக்கிழங்கைத் தின்றேன். திரும்பி வரும்போது பாட்டு வேறு முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் காபி நேரத்தில் ஊரே அந்த மஞ்சள் கோட்டைப் பற்றித்தான் பேசியது. கல்யாணமான நாளிலிருந்து என் சாமான் எதிலும் அவள் ஒரு கோடு போட்டதில்லை, மாரிட். நம் தபால் பெட்டியில் பெயரைக்கூட நான்தான் எழுதினேன், நீயே பார்த்திருக்கிறாய், குடித்துவிட்டு நடக்கிறவன் மாதிரி எழுத்துகள் சாய்ந்து போகும்.

ஆகவே, இந்த மாதக் கடைசியில் வரும் கதிரடிப்புத் திருவிழா ஊர்வலத்துக்கு நானும் ஒரு வண்டி கொண்டுபோவதாகக் காலை உணவின்போது அறிவித்தேன். தோப்பில் மிச்சமிருந்தது எரு இறைக்கும் பழைய வண்டி ஒன்றுதான். அம்மா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, "எரு வண்டியா? பாதிரியார் காருக்குப் பின்னாடியா போகப் போற?" என்றாள். "அதுக்கும் சக்கரம் இருக்குல்ல, கோடு போட இடம் இருக்குல்ல" என்றேன். அவள் ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "மொதல்ல துருவ எடு, அப்புறம் பாக்கலாம்" என்றாள். அதிலிருந்து எனக்கு ஊர்வலத்தைப் பற்றியோ பரிசைப் பற்றியோ கவலையில்லை. அந்த பிரஷ் என் கொட்டகைக்கு வருமா வராதா என்பது ஒன்றுதான் கவலை.

உன் பெயரைச் சொல்லி நோர்பர்ட்டிடம் போனேன், எனக்காகக் கேட்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவன் டோனட் கொடுத்து உபசரித்து ஒன்றுவிடாமல் சொன்னான். ஒரு மனுஷன் இவ்வளவு நல்லவனாக இருந்தால் அவன்மேல் எப்படித்தான் கோபப்படுவது? அவன் சொன்னதை எழுதுகிறேன், கவனமாகக் கேள். உங்களுடையது கடலில் இறங்கும் வண்டி என்பதால் முதலில் நல்ல தண்ணீரால் உப்பெல்லாம் போகக் கழுவு. பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து வெயிலில் காய வை. பெயர்ந்து வரும் துருவைச் சுரண்டிவிட்டுக் கம்பி பிரஷ் போடு. நகத்தால் கீறியும் வராத துரு இருந்துவிட்டுப் போகட்டும், துருவுக்கென்று விற்கும் பிரைமர் என்ற அடிப்பூச்சு அதைப் பிடித்துக்கொள்ளும். போல்ட்டு, சங்கிலி மாதிரிச் சின்ன சாமான்களை மாட்டுத்தீவனக் கடையில் மலிவாகக் கிடைக்கும் மொலாசஸில், அந்தக் கறுத்த கரும்புப் பாகில், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, ஒரு பிளாஸ்டிக் பீப்பாயில் இரண்டு வாரம் ஊறப்போட்டால் துரு தானே கழன்றுவிடும். ஒரே வகைப் பெயிண்டில் பாதிப் பாதி டப்பாக்கள் மிச்சமிருந்தால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலக்கிக்கொள், இல்லாவிட்டால் பாதி வண்டியில் நிறம் மாறிவிடும். பனி காய்ந்த பிறகு, காற்று எழும்புவதற்கு முன்னால், மெல்லிசாக இரண்டு தடவை அடி. இதில் பாதி எனக்கு முன்பே தெரியும், எந்தப் பாதி என்று கேட்காதே.

பிளாஸ்டிக் பீப்பாய் என்று அவன் சொன்னதாலேயே நான் பிளாஸ்டிக் பீப்பாய் எடுக்கவில்லை. கன்றுகளின் பழைய தண்ணீர்த் தொட்டியில், துத்தநாகம் பூசிய தகரத் தொட்டியில் மொலாசஸை ஊற்றி எரு வண்டியின் சங்கிலியைப் போட்டேன். இரண்டு வாரம் கழித்துச் சங்கிலி புதுசு மாதிரி வந்தது, ஆனால் மொலாசஸ் தொட்டியின் பூச்சையும் சேர்த்துத் தின்றுவிட்டது. இப்போது தொட்டி துருப்பிடித்து ஒழுகுகிறது, கன்றுகள் வேலிக்குள் நாக்கை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. எங்கே இருந்து எடுத்த துருவை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறேன் பார். அடுத்தது பெயிண்ட். நம்மிடம் இருந்த அரை டப்பா சிவப்போடு, கடையில் யாரோ பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுத்துப் பாதி விலைக்கு வைத்திருந்த டப்பாவையும் கலந்தேன். பீட்ரூட்டும் இல்லாமல் தக்காளியும் இல்லாமல் ஒரு நிறம் வந்தது. சாலையைப் பார்த்த பக்கத்தை மட்டும் ஒழுங்காகச் சுரண்டினேன், சுவரைப் பார்த்த பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று துருமேலேயே அடித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன்.

அவள் பிரஷ்ஷோடுதான் வந்தாள், மாரிட். வந்தவள் நேராகச் சுவர்ப் பக்கம் போனாள். நகத்தால் ஒரு கீறு கீறினாள், பிஸ்கட் அளவுக்குப் பெயிண்ட் துருவோடு பெயர்ந்து அவள் கையில் வந்தது. "நோர்பர்ட்டோடது அடிப்பக்கம்கூட சுத்தமா இருந்துச்சு. இதுமேல என் கோடு நிக்காது" என்றாள். என் கொட்டகையிலேயே அவன் பெயர். எனக்குப் பொறுக்கவில்லை, "அப்ப அங்கேயே போய்க் கோடு போடு" என்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. "போகலாம்தான். மூணு மத்தியானமும் பிரைமரப் பத்தியே பேசினாரு அந்த மனுஷன். எனக்குக் கொட்டாவி வராம வாயை மூடி வச்சிக்கிறதே பெரும்பாடாப் போச்சு. நீயாவது வாயத் தொறந்தா சண்டையாவது வரும்" என்றாள். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து, "சுரண்டு, நான் பாக்குறேன்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் நான் சுரண்டுகிறேன், அவள் வாளிமேல் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறாள். அதுதான் தோள்பட்டை வலி. உண்மையைச் சொன்னால் அது ஒரு மத்தியான வேலை. நோர்பர்ட்டுக்கு மூன்று கிடைத்தது, நான் ஐந்தாவதில் இருக்கிறேன். "இன்னுமா அந்த மூலை?" என்று நேற்றுக் கேட்டாள். பிடிவாதமான துரு என்றேன். அந்த மூலை வியாழக்கிழமையே சுத்தமாகிவிட்டது. இது உனக்கும் எனக்கும் மட்டும்.

உங்கள் இருவரையும் கடவுள் நன்றாக வைத்திருக்கட்டும், படகில் போகும்போது மிதவைச் சட்டையைக் கழற்றாதே, மாப்பிள்ளையையும் கழற்ற விடாதே. அம்மா புல்வாரியின் இன்னொரு படத்தை இந்த உறைக்குள் வைக்கப்போகிறாள் என்று தெரியும். பார்த்துக்கொள், ஆனால் பதிலில் அதைப் பற்றி எழுதாதே. எரு வண்டியைப் பற்றி இரண்டு வரி எழுது, மேலேயே எழுது.

உன் அன்பு அப்பா,
ஓரின் ட்வெய்ட்

மாரிட் கண்ணு, கடிதத்தை உறையில் போட்டு ஒட்டுவது நான்தான் என்பதை உன் அப்பா எப்போதும் மறந்துவிடுகிறார். வியாழக்கிழமை இல்லை, புதன்கிழமையே சுத்தமாகிவிட்டது. அம்மா.