படகுக்குப் போட்ட வண்டிப் பட்டா

திருமானூர்
சர்வசித்து வருஷம் ஐப்பசி 17

சிரஞ்சீவி கொளஞ்சியப்பனுக்கு உங்கப்பன் வைரக்கண்ணு ஆசாரி ஆசீர்வாதம் பண்ணி எழுதுறது. எங்க சௌக்கியத்தச் சொல்றதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிடுறேன், உன் பொண்டாட்டி ரத்தினம்மாள் அக்கரையில அவ அம்மா வூட்டுல பத்திரமா இருக்கா, வயித்துல உள்ளதும் பத்திரம், இத ரெண்டு தரம் படிச்சிட்டு மேக்கொண்டு படி. பினாங்குல நீயும் சௌக்கியமா இருப்பேன்னு நம்புறோம். கப்பல் ஏறுறப்ப உன் மீசையில பத்து முடி இருந்துச்சு, இப்ப பன்னெண்டாச்சும் ஆயிருக்கும். அத எழுதாதீங்கன்னு உங்கம்மா சொன்னா, அதனாலதான் எழுதினேன். எழுத்து கோணலா இருக்குன்னு சிரிக்காத, நான் படிச்சது மூணாம் வகுப்பு.

நம்ம மிராசுதார் பழனிவேல் ஒரு பழைய மோட்டார் படகு வாங்கினாருன்னு முந்தியே எழுதினேன்ல. அதோட மேல் விளிம்ப ஒட்டி, துறையில மோதுனா பலகைக்கு அடி படாம இருக்க ஒரு கட்டை சுத்தி அடிச்சிருக்கும், படகு வேலை பாக்குற உனக்குத் தெரியாததா. அது படித்துறைக் கல்லுல உரசி உரசி கரும்புச் சக்கையாட்டம் ஆயிப்போச்சு. மிராசுதார் என்னையக் கூப்பிட்டு, வட்டமா சக்கரம் பண்றவனுக்கு இத வளைக்கத் தெரியாதாய்யா, மாத்திக் குடுன்னாரு. படக ஓட்டுறது லப்பைக்குடிகாட்டு நைனா முகமது. அவரு மெதுவா, ஆசாரியாரே, கடலூருலேருந்து படகு ஆசாரி வரட்டுமேன்னாரு. நான் சும்மா இருந்தனா, ஏன் பாய், கடலூரு மரத்துக்கு மட்டும் துடுப்பு மொளைக்குமான்னு கேட்டு நாலு பேரச் சிரிக்க வச்சேன். பழைய கட்டையப் பேத்து எடுத்தேன், நல்ல பூவரசுல இழைச்சு, ஊறப்போட்டு, வைக்கோல் அனல்ல காட்டி வளைச்சு, ஆணி அடிச்சேன். அழகா உக்காந்துச்சு. அதோட நிறுத்தியிருந்தா இந்தக் கடுதாசி நாலு வரியில முடிஞ்சிருக்கும். மரம் மறுபடி தேயக்கூடாதேன்னு, வண்டிச் சக்கரத்துக்குப் போடுறாப்புல இரும்புப் பட்டாவக் காய்ச்சி, படகோட இந்தக் கோடியிலேருந்து மூக்கச் சுத்தி அந்தக் கோடி வரைக்கும் இழுத்துப் பூட்டி, மேல தண்ணிய ஊத்துனேன். ஆறுனதும் இரும்பு சுருங்கி கடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நானும் தட்டிப் பாத்து மீசைய முறுக்கிக்கிட்டேன். சக்கரத்த எவ்வளவு இறுக்குனாலும் அது தாங்கும், படகுப் பலகை தாங்குமான்னு எனக்குத் தோணவே இல்ல பாத்துக்க.

வியாழக்கெழம, வளைகாப்பு முடிஞ்சு ரத்தினம்மாள அக்கரைக்குக் கொண்டுபோயி விடணும். கொள்ளிடத்துல ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு செவப்பாத் தண்ணி போவுது. நானும் பாயும் அவளும்தான். நடு ஆத்துக்குப் போனோம், மூக்குப் பக்கம் டப்புன்னு ஒரு சத்தம். பலகையும் பலகையும் சேர்ற எடம் வாயப் பொளந்துக்கிச்சு, தண்ணி பீச்சி அடிக்குது. எனக்கு நீச்சல் தெரியாது, இத இன்னக்கி வரைக்கும் உங்கம்மாகிட்ட கூடச் சொன்னதில்ல. எஞ்சின நிறுத்துனா ஆறு நம்மள இழுத்துக்கிட்டுப் போயிடும், நிறுத்த மாட்டேன், நீங்க எதாச்சும் பண்ணுங்கன்னு பாய் கத்துறாரு. நான் உக்காந்து முருகா முருகான்னு அழுவுறேன். உன் பொண்டாட்டி என்னா பண்ணினா தெரியுமா, சீருக்குக் கொண்டுபோன தூக்குவாளியிலேருந்து அதிரசத்த எல்லாம் மடியில கொட்டிக்கிட்டு, அந்தத் தூக்கால தண்ணிய மொண்டு மொண்டு வெளிய ஊத்துறா. மாமா, அழுவுறத கரைக்குப் போயி அழுவுங்க, மொதல்ல உங்க இரும்பக் கழட்டுங்கன்னா. அப்பத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. பையிலேருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து ஆணித் தலைய வெட்டுனேன், மூணாவது ஆணியில பட்டா விருட்டுன்னு துள்ளி, என் முழங்கைத் தோலயும் புதுக் கட்டையில பாதியையும் பிச்சுக்கிட்டு ஆத்துல விழுந்துச்சு. விழுந்ததும் பலகை பாதிக்குப் பாதி மூடிக்கிச்சு. மிச்சத்துல என் தலப்பாவத் திணிச்சு முதுகால முட்டுக் குடுத்து உக்காந்துக்கிட்டேன். கரை தட்டுனப்ப முட்டி வரைக்கும் தண்ணி. ரத்தினம்மாள் எறங்கி நின்னு, நனையாத அதிரசம் ஒண்ணே ஒண்ணு இருந்துச்சு, அத எங்கிட்ட நீட்டுனா.

இத்தோட போயிருந்தா சொல்லிச் சிரிச்சிருப்பேன். பாய் தேங்கா நாரும் குங்கிலியமும் வச்சு அடைச்சு படக இக்கரைக்குக் கொண்டாந்துட்டாரு, மிராசுதார்கிட்ட என்னையக் காப்பாத்தறதா நெனச்சு, வெள்ளத்துல வந்த மரம் மோதிடுச்சுன்னு சொல்லிப்புட்டாரு. மிராசுதார் என்னா சொன்னாரு தெரியுமா, நல்லவேளை இரும்பு இருந்துச்சு, அதான் அடியத் தாங்குச்சு, ஆசாரி, இந்த வாட்டி இன்னும் தடிசாப் போடுன்னுட்டாரு. தலைதீவாளிக்கு அவரு மகளும் புது மருமவனும் அடுத்த திங்கக்கெழம அந்தப் படகுலதான் வரப்போறாங்க. இரும்பு வந்து எறங்கிடுச்சு. எனக்கு மூணு நாளா சோறு எறங்கல. கண்ண மூடினா அந்தப் பலகை வாயப் பொளக்குது. உண்மையச் சொன்னா இந்த ஊருல இனி எவன் வண்டி செய்யக் குடுப்பான், சொல்லாட்டி அந்தப் பொண்ணு கையில தூக்கு இருக்குமோ என்னமோ. உங்கம்மாகிட்ட சொல்லி அழுதேன். ஒரு பொண்ணு பொழச்சு கரையேறிட்டா, இன்னொரு பொண்ண ஏத்திப் பாக்கணுமாக்கும்னு கேட்டுட்டு அடுப்பப் பாக்கப் போயிட்டா. உண்மையச் சொல்லிடப்போறேன்னு பாய்கிட்டயும் காலையில சொல்லிட்டேன், நானும் கூட வரேன், பொய் சொன்ன வாயி என்னோடதுதானேன்னாரு. அதனால இந்தக் கடுதாசியத் தபால்ல போட்டுட்டு ரெண்டு பேரும் மிராசுதாரோட பண்ணை வூட்டுக்குப் போறோம்.

நீ அங்க உன்கூடப் படகு வேலை பாக்குற சீனாக்காரன்கிட்ட இந்தக் கட்டைய எப்படி அடிக்கிறாங்கன்னு கேட்டு, ஆணி எத்தன அங்குலம், எத்தன சாணுக்கு ஒண்ணு, எல்லாத்தையும் படம் போட்டு எழுது, படம்னா எனக்கு நல்லாப் படிக்க வரும். உன் பொண்டாட்டியும் புள்ளையும் தை மாசம் இதே ஆத்தத் தாண்டித்தான் நம்ம வூட்டுக்கு வரணும். மழையில நனையாத, ரத்தினம்மாளுக்குத் தனியா ஒரு கடுதாசி போடு, மறந்துடாத. அந்த முருகன் உன்னைய நோய்நொடி இல்லாம நூறு வருஷம் வச்சிருக்கட்டும்.

உங்கப்பன்
வைரக்கண்ணு ஆசாரி

கையெழுத்துப் போட்டு ஒரு நாழி ஆச்சு. வாசல்ல பாய் நின்னு ரெண்டு தரம் இருமிட்டாரு. நான் இன்னும் பேனாவக் கீழ வைக்கல. இரு, இந்தா எந்திரிச்சிட்டேன்.