ஒட்டி என்ன பயன்

ஜூன் 3, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். சந்தாபுரா லேபுக்கு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போயிற்று.

காப்புரிமை அலுவலகத்தின் ஆட்சேபம் வந்துவிட்டது. தசை கரையும் வியாதி உள்ள பிள்ளைகளின் ரத்தத்தில் ஒரு புரதம். அதில் ஒட்டும் ஆன்டிபாடி ஒன்றைச் செய்தோம். ஒட்டுகிறது, சரி. ஒட்டி என்ன பயன் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதனால்தான் எரிச்சல்.

விண்ணப்பத்தை மறுபடி படித்தேன். நோய் கண்டறிய, மருந்து செலுத்த, மாட்டு வைத்தியத்துக்கு... எல்லாவற்றிலும் "பயன்படக்கூடும்". போட்டிக் கம்பெனி முந்திவிடும் என்று இயக்குநர் பறந்தார். வாயில் வந்ததையெல்லாம் எழுதிப் போட்டோம். வெட்கம்.

வாங்க: பால், அம்மாவுக்கு பிபி மாத்திரை.

ஜூன் 4, புதன்
வக்கீல் லதா போனில்: "'கூடும்' எல்லாம் செல்லாது மேடம். ஒரு குழந்தைகிட்டயாவது காட்டுங்க. அப்ப எடுத்த ரத்தம், இப்ப எடுக்கிற ரத்தம். வியாதி முத்துறது உங்க டெஸ்ட்ல தெரியுதா?"

காப்புரிமை இல்லையென்றால் இந்த ஆராய்ச்சியே மூடல். இயக்குநர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

அப்போது ரத்தம் கொடுத்த மற்ற குடும்பங்கள் ஊர் மாறிவிட்டன. இருப்பது நீலசந்திரா பகுதியில் சிறுமி யமுனா மட்டும். ஊசி என்றால் அழுவாள். சாக்லேட் வாங்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்
சாக்லேட் பையிலேயே இருக்கிறது.

கதவைத் திறந்தது யமுனாவின் அம்மா, செல்வி அக்கா. "பாப்பா போயிட்டா மேடம். பொங்கலுக்கு முன்னாடியே. ஒங்களுக்கு யாரும் சொல்லலியா?"

யார் சொல்வார்கள்? ரத்தம் வாங்கிய பிறகு ஒரு போன்கூடப் பண்ணவில்லை நாங்கள்.

டீ கொடுத்தார். குடித்தேன்.

"அன்னிக்கு எடுத்தீங்களே ரத்தம், அழுதுக்கினே குடுத்தா. எதுக்காச்சும் ஒதவுச்சா மேடம்?"

"ஒதவுச்சுக்கா. ரொம்ப."

உள்ளே படுத்திருந்த கணவரிடம் ஓடினார். "கேட்டியா, நம்ம பாப்பா ரத்தம் ஒதவுச்சாம்!"

பாவி நான். பஸ்ஸில் அழுகை அடங்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் "யாக்கம்மா?" என்று கன்னடத்தில் காரணம் கேட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஜூன் 9, திங்கள்
வெயில். காட்ட ஒன்றுமில்லை என்று லதாவிடம் சொல்லிவிட்டேன். ஏதாவது எண்களை வைத்து ஒரு கிராஃப் மட்டும் போட்டுக் கொடு, போதும் என்றார் இயக்குநர். மாட்டேன் என்றேன். விண்ணப்பத்தைக் கைவிடுகிறோம்.

தலைவலி. சாப்பிடவில்லை.

ஜூன் 11, புதன்
ரத்த மாதிரிகள் இருந்த ஃப்ரீசர் காலி. வேறு டீம் எடுத்துக்கொண்டது. மேஜை மட்டும் இன்னும் என்னுடையது.

மதியம் செல்வி அக்கா போன். அடுத்த தெருவில் ஒரு பெண் குழந்தைக்கும் இதே வியாதியாம்.

"அவங்கம்மா ரத்தம் எடுக்க ரொம்ப பயந்துச்சு மேடம். நான்தான் தைரியம் சொன்னேன். எம்பொண்ணுது ஒதவுச்சு, ஒம்பொண்ணுதும் ஒதவும்னு. கூட்டிக்கினு வந்துட்டோம், சந்தாபுரா சர்க்கிள்ல நிக்கிறோம். எந்தப் பக்கம் வரணும்?"