முகம் சுளிக்காத வீடு

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு வலி எப்படி இருக்கிறது? சலவைக்கூடத்தில் இஸ்திரி மேசையை உயர்த்தித் தரச் சொன்னாயா, இல்லை வழக்கம்போல வாயை மூடிக்கொண்டாயா?

விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலக் குறுநாவல் ஒன்றை மொழிபெயர்ப்பதாகச் சொன்னேனே, முடித்துவிட்டேன். அதில் ஓர் ஏழைக் குமாஸ்தாவின் குடும்பம். வீட்டில் எல்லாமே பற்றாக்குறை, ஆனால் ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. நம் வீடுதான் என்று நினைத்து அழுதுவிட்டேன். புத்தகத்தை உனக்குத்தான் சமர்ப்பிக்கிறேன்: "எனக்காகப் படிப்பை விட்டு, ஒருநாளும் முகம் சுளிக்காத அக்காவுக்கு." வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சரிதானே?

உன்,
குட்டி

மார்ச் 7

அன்புள்ள குட்டி,

மேசையை உயர்த்திவிட்டார்கள். சண்டை போட்டுத்தான்.

கடிதத்தோடு நீ அனுப்பிய பக்கங்களைச் சாப்பாட்டு இடைவேளையில் வாசித்தேன். அழகாக எழுதியிருக்கிறாய். ஆனால் அந்த வீட்டில் ஒரு பிள்ளைகூட இன்னொன்றின் தட்டை எட்டிப் பார்க்கவில்லையே, அது எப்படி? எழுதியவர் பசியைப் பார்த்திருக்கிறார். பசித்தவர்களுக்குக் கோபம் வரும் என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

நம் இருவருக்கும் ஒரே ஜோடி ஷூ. நான் சலவைக்கூடத்தில் சேர்ந்ததும் அது முழுக்க உன்னுடையதாயிற்று. நான் ஈரத் தரையில் ரப்பர் செருப்போடு நின்றேன். உன் முழுப் பரீட்சை அன்று ஒரு ஷூ காணாமல் போய், நீ அம்மாவின் செருப்பில் அழுதுகொண்டே ஓடினாயே? தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்தது நான்தான். நீ தோற்க வேண்டும் என்று நினைத்தேன். சாயங்காலம் பயந்துபோய் எடுத்து வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் சொல்ல வாய் வரவில்லை.

அந்தச் சமர்ப்பண வரியை எடுத்துவிடு. அது இருந்தால் அந்தப் புத்தகத்தை என்னால் கையில் தொட முடியாது.

அக்கா

மார்ச் 12

என் அக்காவுக்கு,

உன் கடிதத்தோடு நேராக அச்சகத்துக்கு ஓடினேன். நல்ல வேளை, முதல் பக்கம் மட்டும் பாக்கி இருந்தது.

ஷூவை நீ எடுத்து வைத்ததை அன்று சாயங்காலமே பார்த்துவிட்டேன். செருப்போடு போனதற்கு அரை மணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள், அக்கா. அப்படி ஓர் ஆத்திரம் எனக்கு. முதல் சம்பளத்தில் நீ ஆசையாக வாங்கிய நீல ரிப்பன் நினைவிருக்கிறதா? "காக்கா தூக்கிட்டுப் போச்சு"ன்னு சொன்னேனே, காக்காய் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது. நான்தான் சாக்கடையில் போட்டேன். நீ இரண்டு நாள் தேடினாய். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

நீ ஏன் ஒளித்தாய் என்று அன்று யோசிக்கவில்லை. உன் குதிகால் வெடிப்பைத் தினமும் பார்த்தும் யோசிக்கவில்லை. உன்னைச் சிரித்த முகமாகவே வைத்துக்கொண்டால் எனக்குச் சுலபமாக இருந்தது. மன்னித்துவிடு.

ரிப்பனுக்கு ஈடாக எதுவும் வாங்கித் தரமாட்டேன், ஷூவுக்கு நீயும் தர வேண்டாம். புத்தகத்தை நாளை தபாலில் அனுப்புகிறேன். முதல் பக்கத்தைப் பார்: "ஷூவை ஒளித்த அக்காவுக்கு, ரிப்பனைச் சாக்கடையில் போட்ட தங்கை."

இப்போது தொடுவாய்தானே?

குட்டி