நான் கூப்பிட்டதாக நீ சொன்ன மலை

மச்சான்,

நேற்று அக்கரைப்பற்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த மனிதர் தைலப் போத்தலைத் திறந்து நெற்றியில் தேய்த்தார். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. பாவம், அவர் என்ன செய்தார்? நிந்தவூருக்குப் போகவேண்டியவன் காரைதீவிலேயே இறங்கி, உன்னை ஏசிக்கொண்டே வெயிலில் நடந்தேன். மௌத்தாகிப் போய்ச் சேர்ந்தவர்களை ஏசக் கூடாது என்பார்கள். அதெல்லாம் ஒழுங்காக மௌத்தானவர்களுக்கு.

அரிசி லொறியோடு இருபது வருடம் பதுளைக்கு ஏறி இறங்கியவன் நீ. தூரத்தில் தெரியும் நமுனுகுல மலையைப் பற்றி என் ஹார்ட்வெயார் கடையில் வந்து உட்கார்ந்து அளப்பாய். "ஒரு நாளைக்கு அதுட உச்சியில நிக்கணும் மச்சான்." சிமெந்து வாங்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த மலை மனப்பாடம். போன வருடம் திடீரென்று லொறி ஓட்டுவதை விட்டாய். முதுகு வலி என்றாய், நம்பினேன். மார்கழி மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது வந்து, "நாளண்டைக்கு வெளிக்கிடுவம்" என்றாய்.

"விசரா உனக்கு? மழை விடட்டும்."

"இப்ப போகாட்டிப் பொறகு ஏலாது."

உன் மகளின் கலியாண வேலை வரப்போகிறது, அதைத்தான் சொல்கிறாய் என்று நினைத்த மடையன் நான்.

தேயிலைத் தோட்டத்தின் கடைசி லயத்து வீட்டில் ஒரு பெண் வாசலுக்கு வந்து, "இந்த மழையில போகாதீங்க ஐயா, வழுக்கும்" என்றாள். நான் திரும்பத் தயாராக இருந்தேன். நீதான் சிரித்துக்கொண்டு முன்னால் நடந்தாய். காட்டுக்குள் நுழைந்ததும் பின்தங்கத் தொடங்கினாய். பத்தடிக்கு ஒரு தரம் குந்தினாய். "அட்டை கழட்டுறன்." நெஞ்சில் தைலம் தேய்த்தாய். "குளிர் மச்சான்." மழை முகத்தில் அறைந்தது. சேற்றிலிருந்து சப்பாத்தைப் பிடுங்கிப் பிடுங்கி வைக்கவேண்டியிருந்தது. நான் மேலே நின்று கத்தினேன்: "புதுப் பொண்ணு மாதிரி நடக்காமக் கெதியா வாடா!" நீ சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கே உன்னை இரண்டு அறை அறைந்திருக்கவேண்டும்.

ஒருவழியாக உச்சிக்கு ஏறினோம். ஒன்றும் தெரியவில்லை. மூன்றடிக்கு அப்பால் வெறும் பனிப்புகார். உதடெல்லாம் நீலம் பாய்ந்து, ஈரக் கல்லில் உட்கார்ந்துகொண்டு, முதல் பிள்ளை பிறந்த தகப்பன் மாதிரிப் பார்த்தாய்.

"வந்துட்டம்டா."

"என்னத்தக் கண்டாய்? புகாரையா?"

"வந்துட்டம்" என்றாய் மறுபடியும். இறங்கும் வழியெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தாய். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

எட்டாம் நாள் மௌத்தாகிவிட்டாய். உன்னை அடக்கிவிட்டு வரும்போது மையவாடி வாசலில் உன் கூடப்பிறந்த காக்கா என் கையைப் பிடித்தார். அன்பாக அல்ல.

"இதயத்துல அடைப்பு, படியேறவே வேணாம் எண்டு டொக்டர் சொன்னவரு. அவன் மாட்டனெண்டுதான் இரிந்தானாம். நீதான் விடல்லயாம். வராட்டி இனி என்னோட கதைக்காத எண்டியாம். பொண்டாட்டிக்கிட்ட அப்புடிச் சொல்லிட்டுத்தான் வெளிக்கிட்டிரிக்கான்."

நானா? நானாடா? நெஞ்சு வருத்தம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உன்னை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பைக் கடலில் எறிந்திருப்பேன். அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

வெளியாண் முகம் பாராமல் இத்தாவில் இருக்கும் உன் மனைவியிடம் போய் நியாயம் கதைக்க முடியாது. நாலு மாதமும் பத்து நாளும் பொறுத்தேன். ரோட்டில் கண்டால் உன் பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். என்ன சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு வசனமாகப் பாடமாக்கினேன். இத்தா முடிந்த கிழமை என் மனைவியோடு உன் வீட்டுக்குப் போய், "மச்சி, ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்கினேன்.

அவள் என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "இருவத்தாறு வருசத்துல அவரு எனக்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. அதாலதான் நம்பி அனுப்பினன். நீங்க ஏன் அவர அப்புடி நெருக்கினீங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். உண்மையைச் சொன்னால் உன் மனைவியிடமிருந்து அந்த இருபத்தாறு வருடத்தையும் பறித்தவன் ஆவேன். இவன் வாய் திறக்கமாட்டான் என்று தெரிந்துதானா என் பெயரைச் சொன்னாய்?

"ஓம் மச்சி. நான்தான் கூப்பிட்டன். மன்னிச்சுக்கங்க."

"அல்லாஹ் மன்னிக்கட்டும். எனக்கு ஏலாது."

அது உனக்குச் சேரவேண்டிய சொல். என்னிடம் இருக்கிறது. கடையைத் திறக்கும்போதும் தொழுகையில் நிற்கும்போதும் அது என்னோடுதான். இந்த ஊரில் உன்னைக் கொன்றவன் நான், இருந்துவிட்டுப் போகிறேன். ஆனால் மறுமையில் உன்னைத் தேடிப் பிடிப்பேன். அன்றைக்கும் சிரித்துச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே.