கஞ்சி காய்ச்சப் போனவள்

நாமக்கல், ஆடி வெள்ளி, 1936.

கிணறு வெட்டும்போது பாறை விழுந்து நசுங்கிய குடியானவர். "பொழுது சாயும்வரை தாங்கமாட்டார், மனைவியிடம் சொல்" என்றார் வெள்ளைக்கார டாக்டரம்மா. அவர் பேச்சைத் தமிழில் சொல்வதுதான் ஆஸ்பத்திரியில் என் வேலை. பங்காளிகளிடம் சொல்லலாம். பெண்டாட்டி முகத்துக்கு நேரே நம்மில் யார் சொல்வார்கள்? "தேறிடுவாரு" என்றேன்.

கும்பிட்டாள். "அப்ப ஊட்டுக்குப் போயிக் கஞ்சி காச்சிக் கொண்டாறனுங்க" என்று ஓடினாள்.

மத்தியானம் அவளைத் தேடிக்கொண்டே அந்த மனுஷன் கண்ணை மூடினார்.

"தெரிந்துமா விட்டுப் போனாள்? என்ன ஜனங்கள்!" என்றார் டாக்டரம்மா. நான் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

சாயங்காலம் தூக்குப்போசியோடு வந்தாள். டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கஞ்சி ஆறிப்போச்சுங்க சாமி. தூங்கறாருங்களா?" என்று என்னைக் கேட்டாள்.

ஆமாம் என்றேன்.