இளவரசன் வீட்டு வாசலில் பூட்ஸ்

1974 ஆகஸ்ட், செவ்வாய் இரவு. ஹோல்ஷ்டைன், மேற்கு ஜெர்மனி.

அகழாய்வில் எனக்கு இன்று முதல் நாள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஸ்லாவிய மண்கோட்டை. கட்டியிருந்த கயிற்றைக் காட்டி, "இதற்கு அப்பால் இளவரசனின் வீடு" என்றார் குழுத் தலைவி ஹெல்கா. நான் யோசிக்காமல் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனேன். எல்லோரும் சிரித்தார்கள். நாளை முதல் தோண்டியெடுத்த பானை ஓடுகளைக் கழுவத்தான் அனுப்புவார்கள் என்று நினைத்தேன்.

"பூட்ஸ் எங்கே?" என்றார் ஹெல்கா.

"வீடுன்னு சொன்னீங்களே, மேடம்."

அவர் சிரிக்கவில்லை. அதற்குள் என் பாதத்தில் ஏதோ தட்டுப்பட்டது. அதுவரை பொதபொதவென்றிருந்த மண் அந்த இடத்தில் கெட்டியாக இருந்தது. சொன்னேன். ஹெல்கா குனிந்து சுரண்டிப் பார்த்தார். மிதிபட்டு இறுகிய களிமண்; அந்த வீட்டின் தரையேதான்.

அவரும் பூட்ஸைக் கழற்றி என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். அறைக்கு வந்த பிறகும், அந்தத் தரையின் மண் ஒட்டிய காலைக் கழுவ இன்னும் மனமில்லை.